சிஏ ஃபவுண்டேஷன் பிசினஸ் லாஸ்: தமிழ்வழியில் படித்தவர்கள், கோச்சிங் இல்லாமல்

பாமணியாறு (திருத்துறைப்பூண்டி)

வணக்கம். +2 வணிகவியல், தமிழ்வழி. சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனில், இரண்டாம் தாளான பிசினஸ் லாஸுக்கு (வணிகச் சட்டங்கள்) வீட்டிலேயே படிக்கிறேன். தேர்வை நடத்தும் ஐசிஏஐ தரும் மெட்டீரியல் ஒரு சுற்று முடிந்தது. படிக்கும்போது எல்லாம் புரிகிறது. எம்டிபி (மாதிரித் தேர்வு) வினாத்தாளோடு உட்கார்ந்தால் முதல் வரியே எழுத வரவில்லை. முடிவு சரியாகத் தெரிந்த கேள்வியில்கூட ஏழுக்கு மூன்றுக்கு மேல் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை.

கேட்க விரும்புவது: எந்தச் சட்டத்தில் தொடங்குவது? பிரிவு எண்ணும் வழக்குப் பெயரும் எவ்வளவு மனப்பாடம் வேண்டும்? தனியாக கைடு வாங்க வேண்டுமா?

குடமுருட்டி (பாபநாசம்)

தம்பி, கைடு வேண்டாம். ஐசிஏஐ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெட்டீரியல், ஆர்டிபி (திருப்புதல் தேர்வுத் தாள்), எம்டிபி, பழைய வினாத்தாள்களின் சஜஸ்டட் ஆன்சர் ஆகிய நான்கும் போதும். கைடில் சட்டத்தின் வாசகத்தைச் சுருக்கிப் போட்டிருப்பார்கள். இந்தத் தாளில் மதிப்பெண் அந்த வாசகத்தில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு. நான்கு தாள், தலா 100. ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம், அதாவது 400-க்கு 200. நான்கையும் ஒரே முயற்சியில் தேற வேண்டும், ஒரு தாளை மட்டும் தேறி வைத்துக்கொண்டு அடுத்த முறை மீதியை எழுத முடியாது. மூன்றாவது, நான்காவது தாள்கள் கொள்குறி வகை, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். அங்கே சரிந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டியவை அக்கவுண்டிங்கும் லாவும்தான். அதனால் லாவில் 40 வந்தால் போதும் என்று திட்டம் போடாதீர்கள், 60-ஐ வைத்துப் படியுங்கள்.

லா தாள் மூன்று மணி நேரம், முழுக்க எழுத்து விடை. முதல் கேள்வி கட்டாயம், மீதி ஐந்தில் நான்கு. கேள்விக்கு 20. விடை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் மட்டும், தமிழ் கிடையாது. உங்கள் சிக்கல் சட்டத்தில் இல்லை, இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. தமிழில் புரிந்துகொள்வது நல்லது, அதை விடவே விடாதீர்கள். ஆனால் புரிந்ததை ஆங்கிலத்தில் கையால் எழுதிப் பழகாமல் இரண்டாவது சுற்று வாசிப்புக்குப் போனால், மறுபடியும் எல்லாம் புரியும், மறுபடியும் முதல் வரி வராது.

ஆடுதுறை36

குடமுருட்டி சொன்னதை ஒரு கேள்வியில் வைத்துக் காட்டுகிறேன். நம் பக்கத்துக் கேள்வியாகவே இருக்கட்டும்.

மன்னார்குடி பக்கம் ஒரு விவசாயி, களத்தில் குவித்திருக்கும் நெல் முழுவதையும் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று ஓர் அரிசி ஆலைக்காரருக்கு விற்க ஒப்புக்கொள்கிறார். எடை போட்டுக் கொடுப்பது விவசாயியின் பொறுப்பு. எடை போடும் முன் இரவில் மழை. நெல் முளைத்துவிட்டது. நட்டம் யாருக்கு?

“எடை போடவில்லை, அதனால் விவசாயிக்கு” என்று ஒரே வரியில் எழுதினால் முடிவு சரி, மதிப்பெண் வராது. எழுத வேண்டிய வரிசை இது:

ஒன்று, சட்டம். சேல் ஆஃப் குட்ஸ் ஆக்ட் 1930, பிரிவு 22: குறிப்பிட்ட பொருள், ஒப்படைக்கத்தக்க நிலையில் இருந்தாலும், விலையைக் கணக்கிட விற்பவர் எடை போடவோ அளக்கவோ சோதிக்கவோ கடமைப்பட்டிருந்தால், அது செய்யப்பட்டு வாங்குபவருக்குத் தெரியும் வரை உடைமை (பொருள் யாருக்குச் சொந்தம் என்பது) மாறாது. பிரிவு 26: வேறு உடன்பாடு இல்லையென்றால் நட்டம் உடைமையோடு போகும். பிரிவு 8: குறிப்பிட்ட பொருளை விற்கும் ஒப்புதலில், இருவர் தவறும் இல்லாமல், நட்டப்பொறுப்பு மாறும் முன் பொருள் அழிந்தாலோ, ஒப்பந்தத்தில் சொன்ன பொருள் என்று சொல்ல முடியாத அளவு கெட்டாலோ ஒப்பந்தம் செல்லாது.

இரண்டு, பொருத்துதல். இங்கே குவியல் முழுவதும் விற்பனைக்கு, அதனால் அது குறிப்பிட்ட பொருள். எடை போடும் கடமை விற்பவருடையது. எடை போடவில்லை. முளைத்த நெல் பேசிய நெல் அல்ல.

மூன்று, முடிவு. உடைமை மாறவில்லை, நட்டம் விவசாயிக்கு. ஒப்பந்தம் இல்லாமல் போகிறது, ஆலைக்காரர் பணம் தர வேண்டியதில்லை.

இப்போது ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். விலை மொத்தமாகப் பேசியாயிற்று, தன் திருப்திக்காக ஆலைக்காரரே எடை போட்டுப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்போது பிரிவு 22 இல்லை, பிரிவு 20. பேச்சு முடிந்த அந்த நிமிடமே உடைமை மாறிவிட்டது, நட்டம் ஆலைக்காரருக்கு.

இன்னொரு சொல். “கிட்டங்கியில் இருக்கும் 100 மூட்டையில் 40 மூட்டை.” எந்த 40 என்று பிரித்து வைக்கவில்லை. அப்போது பிரிவு 18, பொருள் உறுதிப்படும் வரை உடைமை மாறாது.

ஒரே நெல், மூன்று விடை. வினாத்தாள் தயாரிப்பவர் மாற்றுவது இந்த ஒரு சொல்லைத்தான். அதனால் கேள்வியை வாசிக்கும்போது முதலில் யார் எடை போட வேண்டும், முழுக் குவியலா பகுதியா, விலை பேசியாயிற்றா என்று பென்சிலால் அடிக்கோடிடுங்கள்.

பாமணியாறு

ஐயா, பாதி எடை போட்ட பிறகு மழை வந்தால்?

ஆடுதுறை36

எடை போட்டு வாங்குபவருக்குத் தெரிவித்து அவர் எடுத்துச் சென்ற பகுதி அவருடையது, அதற்கு விலை தர வேண்டும். எடை போடாத மீதி விற்பவரின் பொறுப்பில். இங்கிலாந்தில் சிம்மன்ஸ் – ஸ்விஃப்ட் வழக்கு இதேதான்: மரப்பட்டைக் குவியல், ஒரு பகுதியை எடை போட்டுக் கொண்டுபோன பிறகு மீதி வெள்ளத்தில் கெட்டது, நட்டம் விற்பவருக்கு. பெயர் நினைவில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் பிரிவு 22-இன் வாசகமே தாங்கும்.

வெண்ணாறு (நீடாமங்கலம்)

தமிழ்வழிப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. புதிய சொல்லில் தடுக்குவதில்லை, ஏற்கெனவே தெரிந்த சொல்லில்தான் தடுக்குகிறார்கள்.

‘ப்ராப்பர்ட்டி’ என்றால் நமக்கு வீடு, நிலம். சேல் ஆஃப் குட்ஸில் அது பொருளின் மேல் உள்ள உடைமையுரிமை. இது தெரியாமல் பிரிவு 18 முதல் 24 வரை படித்தால் எல்லாமே குழம்பும்.

‘கன்சிடரேஷன்’ என்றால் கருதிப் பார்ப்பது அல்ல. கிரயப் பத்திரத்தில் பிரதிபலன் என்று எழுதுகிறார்களே, அதுதான். அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒன்றைச் செய்யாமல் விடுவதும் ஆகும். வாக்குறுதி பெறுபவர்தான் தர வேண்டும் என்றும் இல்லை, கான்ட்ராக்ட் ஆக்ட் பிரிவு 2(டி)-யில் ‘அல்லது வேறு எவரும்’ என்ற சொற்கள் உண்டு. நம் மெட்ராஸ் உயர்நீதிமன்றத்தின் சின்னய்யா – ராமய்யா வழக்கு (1882) அதற்குத்தான்: தாய் மகளுக்குச் சொத்தைக் கொடுத்தார், தாயின் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக மகள் எழுதிக் கொடுத்தார். பிறகு மறுத்தார். பெறுபவர் எதுவும் தரவில்லையே என்ற வாதம் நிற்கவில்லை.

‘பெய்ல்மென்ட்’டில் ஜாமீன் இல்லை. தையல்காரரிடம் துணி கொடுப்பதும், சலவைக்குப் போடுவதும், சைக்கிளை ஸ்டாண்டில் விடுவதும் அது. ஜாமீன்தாரர் வருவது ‘கேரண்டி’யில், பிரிவு 126. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கு ஒருவர் ஜாமீன் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: சங்கம், கடன் வாங்கியவர், ஜாமீன்தாரர், மூவர். ‘இண்டெம்னிட்டி’யில் (பிரிவு 124) இருவர் மட்டும். வாங்கியவரிடம் கேட்டுப் பார்த்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. பிரிவு 128: வேறாக ஒப்பந்தம் இல்லையென்றால் இருவர் பொறுப்பும் ஒரே அளவு, நேராக ஜாமீன்தாரரிடமே வரலாம்.

‘வாரண்டி’ என்றால் மிக்சியோடு வரும் அட்டை அல்ல. சேல் ஆஃப் குட்ஸ் பிரிவு 12-இல் ‘கண்டிஷன்’ ஒப்பந்தத்தின் அடிப்படை, மீறினால் ஒப்பந்தத்தையே தள்ளிவிடலாம். ‘வாரண்டி’ துணை நிபந்தனை, மீறினால் இழப்பீடு மட்டும். திருபுவனம் பட்டில் ஒரு மாதிரிச் சேலை காட்டி 50 சேலைக்கு ஆர்டர் எடுத்து, வந்த சரக்கு மாதிரிக்கு ஒத்துவரவில்லை என்றால் அது கண்டிஷன் மீறல், பிரிவு 17.

கடைசியாக ‘வாய்ட்’, ‘வாய்டபிள்’. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே வாய்ட், அதாவது செல்லாதது (மோஹரி பீபீ – தர்மோதாஸ் கோஷ், 1903). வற்புறுத்தி வாங்கிய ஒப்பந்தம் வாய்டபிள், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தள்ளலாம், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் விடை முழுவதும் போய்விடும், கூட எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும்.

ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒரு வரி விளக்கம், கீழே பிரிவின் ஆங்கில வாசகம். மொத்தம் நூற்றுக்குள் அடங்கும். அகராதிப் பொருளை எழுதாதீர்கள், சட்டப் பொருளை எழுதுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

பிரிவு எண் பற்றி எனக்கு வேறு கருத்து. எண் மனப்பாடத்தில் ஒரு மாதத்தைக் கரைப்பவர்கள் உண்டு. எண் இல்லாமல் ‘இந்தியன் கான்ட்ராக்ட் ஆக்ட் 1872-இன்படி’ என்று தொடங்கி வாசகத்தைச் சரியாக எழுதினாலே விடை நிற்கும். தவறான எண் எழுதுவதைவிட எண்ணே எழுதாமல் விடுவது மேல்.

குடமுருட்டி

பாதி ஒப்புக்கொள்கிறேன். சந்தேகமான எண்ணை எழுதவே கூடாது, அது சரி. ஆனால் எண் என்பது அலங்காரம் மட்டும் இல்லை, பாடத்தை மண்டையில் அடுக்கி வைக்கும் கொக்கி. கான்ட்ராக்டில் 10 (எவை ஒப்பந்தம்), 11 (தகுதி), 14 முதல் 22 வரை (சுதந்திரச் சம்மதம்), 23 (சட்டப்பூர்வ நோக்கம்), 25 (பிரதிபலன் இல்லாத ஒப்பந்தமும் விலக்குகளும்), 26 முதல் 30 வரை (வெளிப்படையாகச் செல்லாதவை), 56, 68 முதல் 72 வரை, 73, 74. இவ்வளவு போதும். பட்டியலை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், ஒப்பந்தம் பிறந்து, நிறைவேறி, உடைந்து, இழப்பீடு வரை போகும் கதை அதிலேயே இருக்கிறது.

வழக்குப் பெயர் பத்துப் பன்னிரண்டு போதும். கார்லில் – கார்பாலிக் ஸ்மோக் பால் (பொது முனைவு, அதாவது எல்லாருக்கும் பொதுவான ஆஃபர்), லால்மன் சுக்லா – கௌரி தத் (முனைவு தெரியாமல் ஏற்பு இல்லை), பால்ஃபர் – பால்ஃபர் (குடும்பப் பேச்சு ஒப்பந்தம் அல்ல), ஹாட்லி – பாக்ஸண்டேல் (இழப்பீட்டின் எல்லை), சாலமன் – சாலமன் (கம்பெனி தனி நபர்), ஆஷ்பரி ரயில்வே – ரிச் (நோக்கத்தை மீறிய செயல்), ராயல் பிரிட்டிஷ் வங்கி – டர்குவண்ட் (உள் நிர்வாகம்). மீதியை மெட்டீரியல் உதாரணங்களிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

வரிசை: கான்ட்ராக்ட் முதலில், மாற்றமே இல்லை. மற்றவை அதன் மேல் நிற்கின்றன. சேல் ஆஃப் குட்ஸ் ஒரு வகை ஒப்பந்தம், பார்ட்னர்ஷிப் என்பது ஒப்பந்தமும் ஏஜென்சியும் சேர்ந்தது. பதிவு செய்வதற்கும் தேர்வுக்கும் இடையே நான்கு மாதப் படிப்புக் காலம் இருக்கிறது. அதை இப்படிப் பிரிக்கலாம்: கான்ட்ராக்ட் ஐந்து வாரம் (இண்டெம்னிட்டி, பெய்ல்மென்ட், ஏஜென்சி உட்பட), சேல் ஆஃப் குட்ஸ் இரண்டு, பார்ட்னர்ஷிப் இரண்டு, கம்பெனி இரண்டரை, எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) அரை, நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் (செக், பில் போன்ற பணப் பத்திரங்கள்) இரண்டு. இந்தியன் ரெகுலேட்டரி ஃப்ரேம்வொர்க் சிறிய பாடம், இரண்டு நாள். மீதி மூன்று வாரம் முழுத் தாள் எழுத மட்டும்.

லாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் அதில் முக்கால் மணி நேரம் எழுத்து. ஒரு பிரிவு படித்ததும் புத்தகத்தை மூடி ஒரு கேள்வி எழுதுவது, பிறகு சஜஸ்டட் ஆன்சரோடு வரி வரியாக ஒப்பிடுவது. சிவப்புப் பேனாவால் விட்டுப்போன சட்ட வாசகத்தை மட்டும் எழுதிச் சேருங்கள். ஒரே வாசகம் மூன்று முறை சிவப்பில் வந்தால் அது சொல் நோட்டுக்குப் போக வேண்டும்.

கொள்ளிடக்கரை (சீர்காழி)

நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் தேதிக் கணக்கு தவறாமல் பாருங்கள், முழு மதிப்பெண் கிடைக்கும் இடம். 2023 அக்டோபர் 14 தேதியிட்ட பில் (பணம் தரச் சொல்லும் மாற்றுச்சீட்டு), பணம் தர வேண்டியது தேதியிலிருந்து மூன்று மாதத்தில். ஜனவரி 14, அதோடு மூன்று நாள் சலுகை (பிரிவு 22), ஜனவரி 17. அன்று உழவர் திருநாள். பிரிவு 25-இன்படி அதற்கு முந்தைய வேலை நாள். 16, 15 பொங்கல் விடுமுறை, 14 ஞாயிறு, 13 இரண்டாம் சனி. ஆக 12 ஜனவரி, வெள்ளி. விடுமுறை என்றதும் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளுவது நம் பழக்கம், இங்கே பின்னால்தான் வர வேண்டும்.

மாதக் கடைசியும் பாருங்கள். ஜனவரி 31 தேதியிட்ட ஒரு மாத பில், பிப்ரவரியில் 31 இல்லை, அதனால் பிப்ரவரி 28 (பிரிவு 23), அதோடு மூன்று நாள், மார்ச் 3. லீப் ஆண்டானால் பிப்ரவரி 29, அப்போது மார்ச் 3 இல்லை, மார்ச் 3-க்கு முந்திய நாள் என்று நினைக்கிறேன்.

செக் திரும்பினால் பிரிவு 138: வங்கியிலிருந்து தகவல் வந்த 15 நாளுக்குள் நோட்டீஸ்.

அரசலாறு

இரண்டு திருத்தம். பிப்ரவரி 29-இலிருந்து மூன்று நாள் என்றால் மார்ச் 1, 2, 3. லீப் ஆண்டிலும் மார்ச் 3-தான். லீப் இல்லாத ஆண்டில் பிப்ரவரி 28-இலிருந்து மார்ச் 1, 2, 3, அதுவும் மார்ச் 3. இரண்டும் ஒன்றே.

நோட்டீஸ் 30 நாள். 15 நாள் என்பது நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட அவகாசம். அதிலும் கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார் (பிரிவு 142). 30, 15, ஒரு மாதம் என்று இந்த வரிசையிலேயே மனதில் வையுங்கள். செக்கைச் செலுத்தச் சட்டத்தில் ஆறு மாதம் அல்லது அது செல்லுபடியாகும் காலம், எது முந்தியதோ அது. ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் முதல் செல்லுபடியை மூன்று மாதமாகக் குறைத்ததால் நடைமுறையில் மூன்று மாதம்.

கொள்ளிடக்கரை

ஆமாம், இரண்டும் என் தவறு. நன்றி. தம்பி, அரசலாறு எழுதியதையே வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாறு

மாறும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிறிய கம்பெனிக்கான வரம்பு 2021-இல் மூலதனம் 2 கோடி, விற்றுமுதல் 20 கோடி. 2022 செப்டம்பரில் 4 கோடி, 40 கோடி. அது அத்தோடு நிற்கும் என்று எண்ண வேண்டாம். எல்எல்பியிலும் 2021 திருத்தத்தில் இந்தியாவில் வசிப்பவர் என்பதற்கான நாள் 120 ஆனது. பழைய அண்ணன், அக்கா கொடுத்த புத்தகத்தில் படிப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து பாடத்திட்டமே புதிது: பிசினஸ் கரஸ்பாண்டன்ஸ் பகுதி இல்லை, நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வந்திருக்கிறது. உங்கள் தேர்வு மாதத்துக்கான ஆர்டிபியைத் திறந்து, அதில் சொல்லும் திருத்தங்களை மெட்டீரியலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

ஆடுதுறை36

ஹாலில் நேரம். 180 நிமிடம், 100 மதிப்பெண். 20 மதிப்பெண் கேள்விக்கு 33 நிமிடம் வைத்தால் ஐந்துக்கும் 165, சரிபார்க்க 15 மிஞ்சும். ஏழு மதிப்பெண் பகுதிக்கு 11, 12 நிமிடம். முதல் 15 நிமிட வாசிப்பு நேரத்தில் எந்தக் கேள்வியை விடுவது என்று மட்டும் முடிவு செய்யுங்கள். கம்பெனிக் கேள்வி தெரியவில்லையே என்ற பயத்தில் அதை முதலில் பிடித்துக்கொண்டு ஐம்பது நிமிடம் போனால், நன்றாகத் தெரிந்த கடைசிக் கேள்வி எழுதாமலே நிற்கும்.

வீட்டில் பழகும்போதும் மதியம் 2 முதல் 5 வரையே எழுதுங்கள், தேர்வு அந்த நேரத்தில்தான். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் கை ஓடுவது தனிப் பழக்கம்.

பாமணியாறு

எல்லாருக்கும் நன்றி. ஒரு விடை எழுதிப் பார்த்தேன், திருத்தித் தாருங்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை ஃபர்மில் ஒரு மைனருக்குக் கூட்டாண்மையின் பலன்கள் தரப்பட்டன. அவர் 2024 மார்ச் 5 அன்று 18 வயது அடைந்தார். பலன்களில் தான் சேர்க்கப்பட்டது அவருக்கு 2024 மே 10 அன்றுதான் தெரிந்தது. பார்ட்னர் ஆவதா இல்லையா என்று பொது அறிவிப்பு எதுவும் தரவில்லை. 2024 அக்டோபர் 1 அன்று கடன்காரர் அவருடைய சொந்தச் சொத்தின் மேல் உரிமை கோருகிறார். முடியுமா?

என் விடை: பார்ட்னர்ஷிப் ஆக்ட் 1932, பிரிவு 30. வயது வந்த ஆறு மாதத்துக்குள் பொது அறிவிப்பு தராவிட்டால் பார்ட்னர் ஆகிவிடுவார். மார்ச் 5-இலிருந்து ஆறு மாதம் செப்டம்பர் 5. அக்டோபர் 1-இல் அவர் பார்ட்னர். எனவே சொந்தச் சொத்தும் பொறுப்பு.

குடமுருட்டி

அமைப்பு நன்றாக வந்துவிட்டது: சட்டம், பொருத்துதல், முடிவு. ஆனால் பிரிவு 30(5)-இல் பாதி வாசகம் விட்டுப்போயிற்று, முடிவே தலைகீழாகிவிட்டது. ஆறு மாதம் என்பது வயது வந்த நாளிலிருந்து, அல்லது தான் பலன்களில் சேர்க்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து, *இரண்டில் எது பிந்தியதோ* அதிலிருந்து. இங்கே மே 10 பிந்தியது. கெடு நவம்பர் 10. அக்டோபர் 1 அன்று அவர் இன்னும் பார்ட்னர் இல்லை, மைனராக இருந்தபோது இருந்த நிலையே தொடர்கிறது: ஃபர்மில் உள்ள அவர் பங்கு மட்டும் பொறுப்பு, சொந்தச் சொத்து இல்லை.

கூடுதலாக இரண்டு வரி சேர்த்தால் விடை கனக்கும். வயது வந்து ஆறு மாதம் தாண்டிய ஒரு நாள் வரை தெரியாது என்று சொன்னால், அதை நிரூபிக்கும் சுமை அப்படிச் சொல்பவருடையது, பிரிவு 30(6). நவம்பர் 10 தாண்டியும் அறிவிப்பு இல்லையென்றால், பலன்களில் சேர்ந்த நாளிலிருந்து ஃபர்ம் செய்த எல்லாச் செயலுக்கும் மூன்றாம் நபர்களுக்குச் சொந்தப் பொறுப்பு வரும், 30(7).

‘விச்செவர் டேட் ஈஸ் லேட்டர்’ என்ற நான்கு சொல்லைச் சிவப்பில் எழுதிக்கொண்டு, விடையை நாளைக்கு மறுபடி முழுதாக எழுதிப் போடுங்கள். இந்த முறை அக்டோபர் 1-ஐ டிசம்பர் 1 ஆக்கி.